எண்ணூரில் என் தம்பி கட்டிய பாய்மரப் படகு

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையை அமுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே என்ன என்று கேட்டார். பாய் என்றேன்.

"பாய் இங்கயே கிடைக்குமே. இலங்கைலேர்ந்தா தூக்கிட்டு வருவீங்க?"

படுக்கிற பாய் இல்லை, படகில் கட்டுகிற பாய் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. இன்னும் இரண்டு பேரை அழைத்தார். மூவருமாகப் பையை அவிழ்த்து அதைத் தரையில் விரித்தார்கள். விரிக்க விரிக்க அது போய்க்கொண்டே இருந்தது. சாமான் வண்டி தள்ளி வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். உள்ளே எதுவும் சுருட்டி வைக்கவில்லை என்று தெரிந்த பிறகு, மடித்துத் தர ஒருவருக்கும் தெரியவில்லை. நானே மண்டியிட்டு மடித்தேன். பள்ளிச் சீருடை தைக்கிறவளுக்குத் துணி மடிப்பது பெரிய விஷயமில்லை.

என் தம்பி நேசன் கப்பலில் எஞ்சினியராக இருந்தவன். அவன் கடைசியாக வேலை பார்த்த சரக்குக் கப்பலை அதன் முதலாளிகள் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட நிலையிலேயே கைவிட்டுவிட்டார்கள். எண்ணெய் வரவில்லை, மாற்று ஆட்கள் வரவில்லை, இறங்கிப் போக அனுமதியும் வரவில்லை. ஐந்து பேர் பதினான்கு மாதம் அதில் கிடந்தார்கள். கப்பல் ஏலம் போனபிறகு நேசன் திருகோணமலைக்கு வந்து என் வீட்டில் இரண்டு மாதம் இருந்தான். சாப்பிடுவான், தூங்குவான், நான் மெஷினில் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் சென்னையில் ஒரு வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டான்.

என்ன வேலை என்பது நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் கப்பலில் இருந்த உயிர்காப்புப் படகைப் பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் வாங்கி, அதைப் பாய்மரப் படகாக மாற்றுகிறானாம். வாடைக்காற்று ஓய்வதற்குள் அதிலேயே ஊருக்கு வந்துவிடுவானாம். "பாய்ப்படகில வந்த வெள்ளைக்காரர் விட்டிட்டுப் போன பழைய பாய் ஒண்டு அங்க கிடைக்கும், கொண்டு வா அக்கா" என்று போனில் சொன்னான். அவனுடைய விசா முடியப் பத்து நாள் இருந்தது. நான் போனது அவனைக் கூட்டிவருவதற்கு. பாய் இல்லாமல் போனால் என்னோடு பேசமாட்டான் என்பதால்தான் அதைச் சுமந்தேன்.

மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை போகிறது. சோதனை இயந்திரத்துக்குள் பை நுழையாமல் மாட்டிக்கொண்டது தவிரப் பிரச்சினை இல்லை. அங்கிருந்து எர்ணாவூருக்கு ஆட்டோ. அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. சில லாரிகளின் அடியில் தொட்டில் மாதிரித் துணி கட்டி ஓட்டுநர்கள் தூங்கினார்கள். எங்கள் ஊரில் துறைமுகம் மரங்களுக்குப் பின்னால் இருக்கும், அது வேலை செய்வதே தெரியாது. இங்கே துறைமுகம் வீட்டு வாசலுக்கு வந்து இருமுகிறது. முகத்தைத் துடைத்தால் கைக்குட்டை கறுப்பாகிறது.

ஆட்டோக்காரர் கேட்டதற்கெல்லாம் நான் ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கப்படி "ஓம், ஓம்" என்றேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் திரும்பினார். "இன்னாக்கா, ஓம் ஓம்னுகினே வர்ற? டிராபிக்க பாத்து பயந்து சாமி கும்பிட்றியா?"

நேசன் கடலோரப் பாறைச் சுவருக்கு இந்தப் பக்கம், லாரி டயர் குவித்திருந்த ஒரு காலி இடத்தில் இருந்தான். முதலில் படகைத்தான் பார்த்தேன். ஆரஞ்சு நிறம், மூடிய கூடு, தலையில்லாத ஒரு பெரிய மீன் மாதிரி. பின்பாதிக் கூரையை அறுத்துவிட்டிருந்தான். முன்பாதி அறையாக இருந்தது, அதற்குள் இருக்கைப் பட்டையோடு நாலு இருக்கைகள். பாய்மரத்துக்கு ஒரு பழைய தெருவிளக்குக் கம்பம். படகுக்குக் கீழேயிருந்து வெளியே வந்த மனிதனை எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. தாடி நரைத்திருந்தது. காற்சட்டையை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

"ஏன்டா இப்பிடி மெலிஞ்சு போனாய்?"

"பாய் கொண்டு வந்தனியா அக்கா?" என்றான்.

அவனோடு வேலை செய்தவர் சாதிக். மீன்பிடிப் படகுகளுக்குக் கண்ணாடியிழை ஒட்டுகிறவர், தண்டையார்பேட்டைக்காரர், என் வயதுதான் இருக்கும். எல்லோரும் அவரைப் பாய் என்று கூப்பிட்டார்கள். "பாய் வந்துட்ச்சி" என்று நேசன் இந்த ஊர்ப் பேச்சில் அவரிடம் சொன்னபோது, "நா காலீலேர்ந்து இங்கதான கீறன்" என்றார் அவர். அந்தப் பயணத்தில் நான் சிரித்த இடங்கள் குறைவு. அது ஒன்று.

எனக்குத் தங்க இடம் ஏகாம்பரம் வீட்டில். அவர் மீனவர், அவர் மனைவி கன்னியம்மா வாசலில் இட்லிக் கடை போடுகிறார். காலையில் இட்லியும் வடகறியும். எங்கள் சம்பலும் இடியப்பமும் நினைவில் இருந்தாலும் வடகறியை நான் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கடல் எதிரே இருக்கிறது, ஆனால் மீன் காசிமேட்டிலிருந்து வருகிறது. ஏன் என்று கேட்டேன். "இங்க புட்ச்ச மீனுல எண்ண வாசன வருதுக்கா. நாங்களே துன்ன மாட்டோம்" என்றார் கன்னியம்மா.

மறுநாள் பாயை வெட்ட வேண்டியிருந்தது. தெருவிளக்குக் கம்பத்துக்கு அது உயரம் அதிகம். வண்ணாரப்பேட்டையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற ஒரு கடைக்குச் சாதிக் பாய் கூட்டிப்போனார். கனத்த துணிக்கான மெஷின் அங்கேதான் இருக்கிறது. கடைக்காரர்கள் ஒரு பொம்பிளை வந்து உட்கார்ந்ததை வேடிக்கை பார்த்தார்கள். முதல் ஊசி உடைந்தது, இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவதில் பிடிபட்டது. ஓரத்தை இரட்டைத் தையல் போட்டு முடித்ததும் கடை முதலாளி எனக்கு மட்டும் ஏலக்காய் போட்ட டீ வரவழைத்தார். அவனைக் கூட்டிப்போக வந்தவள் அவன் போவதற்குப் பாய் தைத்துக்கொண்டிருக்கிறேன் என்று டீ குடிக்கும்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் நேசன் என்னை ஒரு அத்தோ கடைக்குக் கூட்டிப்போனான். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்சை வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். கடைக்கார அம்மா அவனைக் கேட்காமலே தட்டை நீட்டினார். தினமும் வருகிறான் போல. அவன் பரீட்சை எழுதுகிற மாதிரிக் கவனமாகச் சாப்பிட்டான்.

"தின் மாங் இதைவிட நல்லாச் செய்வான்" என்றான் முடிவில்.

"ஆர் அது?"

"கப்பல்ல சமையல்காரன். பர்மாக்காரன்."

தட்டை வைத்துவிட்டு எழுந்து காசு கொடுக்கப் போனான்.

மூன்றாம் நாள் காலை அவன் பெரம்பூருக்குப் போயிருந்தான். ரயிலில் தேய்ந்து கழித்த வார்ப்பிரும்புப் பிரேக் கட்டைகளைப் படகின் அடியில் பாரத்துக்கு அடுக்குவது அவன் திட்டம். உயிர்காப்புப் படகு மிதப்பதற்காகச் செய்தது. அதற்குக் கீழே கத்தி மாதிரி இறங்குகிற அடிக்கட்டை கிடையாது. பாய் கட்டினால் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் இரண்டு இரும்புத் தகடுகளை அடியில் போல்ட் போட்டிருந்தான், மேலே பாரம் வைக்க வேண்டும்.

சாதிக் பாய் போல்ட் ஓட்டையைப் பெரிதாக்க டிரில்லை வைத்தார். ஓட்டையிலிருந்து தண்ணீர் வந்தது. கறுப்புத் தண்ணீர், அழுகின நாற்றம். முதலில் நூல் மாதிரி, பிறகு குழாய் மாதிரி. படகின் இரண்டு தோலுக்கும் நடுவே மிதப்புக்காக வைத்த நுரைக்கட்டி வருஷக்கணக்காக ஈரத்தைக் குடித்து ஊறியிருந்திருக்கிறது. வாளி வைத்தோம். நிறைந்தது, இன்னொன்று வைத்தோம். சாதிக் பாய் டிரில்லைத் தரையில் வைத்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்தார்.

"அக்கா, நீ அவர இட்டுகினு போவத்தான் வந்துகீற. எனக்குத் தெரியும். இந்த போட்டு தண்ணில எறங்காம அவரு வரமாட்டாரு."

"ஏன்?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அந்தச் சமையல்காரன் காலீல டீ போட வந்தவன் நெஞ்சப் புட்ச்சிகினு குந்திகினான். கரைக்கு ரேடியோல சொல்லிகிறாங்க. வர லேட்டாவும்னுட்டாங்க. செரி, இந்த போட்ட எறக்கி இட்டாந்துர்லாம்னு பாத்தா, எறக்கற மிஷினு துரு புட்ச்சி இறுகிகினு கீது. ஒந்தம்பி சுத்திய எட்துகினு அட்ச்சிகினே இருந்துகிறாரு. மத்யானம் வரிக்கும். கர கண்ணுக்குத் தெர்தாம், இதோ இந்தப் பக்கந்தான். அதுக்குள்ள அந்தாளு பூட்டாரு."

வாளி நிரம்பி வழிந்தது. நான் அதை மாற்றவில்லை.

"அந்த மிஷினைப் பார்க்கிறது ஆரின்ர வேலை?" என்று கேட்டேன்.

"எஞ்சினியர் வேலதான். ஆனா கிரீஸு கூட இல்லாம ஒரு வருஷம் கெடந்த கப்பல்ல அவரு இன்னா பண்ணுவாரு. நா எவ்ளோவோ சொல்லிட்டேன். காதுல வாங்க மாட்றாரு."

என் வீட்டில் இரண்டு மாதம் எதிரே உட்கார்ந்திருந்தவன் இதில் ஒரு சொல் என்னிடம் சொல்லவில்லை. நானும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தவிர ஒன்றும் கேட்டதில்லை.

நேசன் திரும்பி வந்து தண்ணீரைப் பார்த்தான். நாற்றத்தை முகர்ந்தான். "வடியட்டும்" என்றான். "உள்ளே இருக்கிற நுரை முழுக்க ஊறிப்போச்சி நைனா. வடிஞ்சாலும் கனம் போவாது" என்றார் சாதிக் பாய். நேசன் பிரேக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே அடுக்க ஆரம்பித்தான்.

நான் அவனோடு சண்டை போட்டேன். விசா முடியப் போகிறது, பதிவு செய்யாத படகில் எல்லை தாண்டினால் இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே போடுவார்கள், உனக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், அது உன் பிழையில்லை, எல்லாம் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. "இது ஒருக்கா கடல்ல போகோணும் அக்கா. பிறகு நீ சொல்லுற மாதிரிச் செய்யிறன்" என்றான். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். ஒருக்கா போகட்டும், பிறகு வருவான். அப்படி நம்பியது என்னுடைய பிழை.

தண்ணீர் மூன்று நாள் வடிந்தது. ஏழாம் நாள் ஒரு கிரேன் லாரி படகைத் தூக்கி எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் முகத்துவாரத்துக்குக் கிட்டே ஆற்றில் இறக்கியது. இறங்கியதும் அது தரைதட்டியது. அனல் மின்நிலையச் சாம்பல் படிந்து ஆறு மேடாகிக் கிடக்கிறது. ஏகாம்பரமும் இன்னும் ஆறு பேரும் முழங்கால் சேற்றில் நின்று தள்ளினார்கள். சேறு சிமெண்டு நிறம். "முந்தி இங்க ஆளு முழுகற ஆழம்" என்றார் ஏகாம்பரம். ஒரு வழியாகத் தண்ணீர் கிடைத்ததும் அது மிதந்தது. வேண்டிய அளவுக்கு மேல் தாழ்ந்து மிதந்தது.

ஏகாம்பரம் தன் பைபர் படகில் கயிறு கட்டி அதைக் கடலுக்கு இழுத்தார். அவரோடு நானும் சாதிக் பாயும். ஆரஞ்சுப் படகில் நேசன் மட்டும். அலை தாண்டி வெளியே போனதும் அவன் பாயை ஏற்றினான். நான் தைத்த தையல் காற்றில் நிமிர்ந்து நின்றது. படகு சாய்ந்து, மெல்ல நகர்ந்தது. சாதிக் பாய் என் கையைத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. நேசன் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். சிறு வயதில் சைக்கிள் பிடிபட்ட அன்றைக்கு இருந்த முகம்.

"கயித்த அவுக்காதன்னு சொல்லு" என்றார் ஏகாம்பரம்.

நேசன் அவிழ்த்துவிட்டான்.

காற்று வடகிழக்கிலிருந்து வந்தது, கரையைப் பார்த்து. படகின் மூக்கு தெற்கே இருந்தது. ஆனால் படகு போனது மேற்கே. அது முன்னால் போன அளவுக்குப் பக்கவாட்டிலும் போனது, பிறகு பக்கவாட்டில் மட்டும் போனது. நேசன் சுக்கானைத் திருப்பினான், பாயை இழுத்தான், தளர்த்தினான். ஒன்றுக்கும் அது கேட்கவில்லை. கரையில் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த பாறைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஏகாம்பரம் எஞ்சினை முடுக்கிக் கிட்டே போய்க் கயிற்றை எறிந்தார். கயிறு நேசனின் காலடியில் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"குதிடா" என்று கத்தினேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

படகு பாறையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. எங்கள் எஞ்சின் சத்தத்தில் அமுங்கிவிட்டது. விளக்குக் கம்பம் முறிந்து பாயோடு சாய்ந்ததைத்தான் பார்த்தேன். அடுத்த அலை அதைத் தூக்கி உருட்டிப் பாறை இடுக்கில் செருகியது. நாங்கள் சுற்றிக் கரையேறி ஓடிப் போவதற்குள் குப்பத்து ஆட்கள் கதவைக் கடப்பாறையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவன் உள்ளே ஓர் இருக்கையில், பட்டையை இரண்டு தோளிலும் மாட்டி உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ஒரு கீறல் தவிர அடி இல்லை. பிரேக் கட்டைகள் உருண்டு எதிர்ப்பக்கச் சுவரைப் பிளந்திருந்தன. பட்டையை அவிழ்க்கச் சொன்னால் அவிழ்க்கவில்லை. சாதிக் பாய்தான் உள்ளே நுழைந்து, குழந்தையை எழுப்புவது மாதிரி அவிழ்த்து அவனை வெளியே கொண்டுவந்தார். அந்தப் படகு எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்துவிட்டது. அவனுக்கு அதில் சந்தோஷமில்லை என்பதைப் பார்த்தவுடன் எனக்குப் புரிந்தது.

அடுத்த நாள் பழைய சாமான்காரர்கள் வந்து படகை மெஷின் ரம்பத்தால் அறுத்தார்கள். நேசன் பார்க்க வரவில்லை. கன்னியம்மா வைத்த இட்லி அவன் தட்டில் அப்படியே இருந்தது. நான் அவன் பையைக் கட்டினேன். ஊருக்குப் போவோம் என்றேன், தலையாட்டினான். "போக முதல் ஒரு இடத்துக்குப் போகோணும்" என்றான்.

மூலக்கொத்தளம் சுடுகாடு பெரியது. வாசலில் ஒரு சிறிய அறையில் மேசை, பதிவேடு, ஒரு ஊழியர். நேசனைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. "திரும்பி வந்துட்டியா? சொன்னேன்ல, சொந்தக்காரங்க வந்தாத்தான் பேரு எழுத முடியும்னு."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. தின் மாங்கின் உடலை வாங்க ஒருவரும் வரவில்லை. நெடுநாள் பிணவறையில் இருந்துவிட்டு, கேட்பாரற்ற உடல்களோடு இங்கே புதைக்கப்பட்டிருக்கிறான். பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கப்பல் ஆள், பர்மா' என்று மட்டும் இருந்தது.

"எந்த இடம் என்றாவது காட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

ஊழியர் எழுந்து வெளியே வந்து, முள்செடி மண்டிய ஒரு மூலையைக் கையால் காட்டினார். "அந்தப் பக்கம். கரெக்டா சொல்ல முடியாதும்மா. மேல வேற ஆளுங்களப் பொதைச்சாச்சி." அவர் குரலில் கடுமை இல்லை. நேசன் அந்த மூலையைப் பார்த்து நின்றான். எந்த இடத்தைப் பார்ப்பது என்று அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அது இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது.

நான் மட்டும் அறைக்குள் திரும்பிப் போனேன். "பேரை எழுதுங்கோ. தின் மாங்" என்றேன்.

"நீ இன்னா வேணும் அவருக்கு?"

"அக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பர்மாக்காரனுக்கு இந்த முகத்தில் ஓர் அக்கா இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். வெளியே நிற்கிறவனை ஒருமுறை பார்த்தார். பதிவேட்டைப் புரட்டிப் பக்கத்தை எடுத்தார். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதினார். பக்கத்தில் 'அக்கா' என்று எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

வெளியே வந்து நேசனிடம் சொன்னேன், பேர் எழுதியாச்சு என்று. எப்படி என்று கேட்டான். நான் தின் மாங்கின் அக்கா என்று சொன்னேன் என்றேன்.

அவன் முள்செடி மண்டிய மூலையை மறுபடி பார்த்தான். பிறகு சொன்னான்: "அவனுக்கு உண்மையிலேயே ஒரு அக்கா இருக்கிறா. தினமும் அவவோட போன்ல கதைப்பான். அவங்கட ஊரில சண்டை. நான் எத்தினையோ தரம் அடிச்சுப் பார்த்திட்டன், அந்த நம்பர் வேலை செய்யேல்லை." சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். "உயிரோட இருக்கிறாவோ தெரியாது. இருந்தால், தம்பி இன்னும் கப்பல்லதான் நிக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டிருப்பா."